பூஜ்யங்களுக்குப் பின்னால் ஒரு பண்டல்

ஒரு நிரல் பாதியில் விழுந்தால் எனக்குப் பயமில்லை. விழுந்த இடத்தை அதுவே காட்டிவிடும். விடை தப்பாக வந்தாலும் பரவாயில்லை. எந்தப் படியில் தப்பியது என்று பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போகலாம். விழாமல் ஓடி, விடையும் சரியாக வந்து, ஆனால் மதியத்துக்குள் முடிய வேண்டியது மறுநாள் வரை இழுத்துக்கொண்டு கிடந்தால்தான் எனக்குப் பயம். அந்த ஆடி மாதம் எனக்கு வாய்த்தது அந்த மூன்றாவது வகை.

நான் ஒரு கம்பைலர் குழுவில் வேலை செய்கிறேன். மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருளுக்குத்தான் கம்பைலர் என்று பெயர். அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது. நான் இருப்பது சிவகாசியில், எங்கள் அத்தாவின், அதாவது அப்பாவின், பேப்பர் கடைக்கு மேல் மாடியில். கீழே கட்டிங் மெஷின் நாள் முழுக்க அட்டை வெட்டிக்கொண்டிருக்கும். அத்தா வாடிக்கையாளர்களிடம் போனில் கத்திக்கொண்டிருப்பார். மேலே எனக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, இரண்டு திரைகள், ஒரு கதவு.

கதவைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெங்களூரில் நான் தங்கியிருந்த விடுதி அறையில் நான்கு பேர். மேசை கிடையாது. கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் கணினியை வைத்துத்தான் வேலை. அலுவலகம் போய்வரும் பஸ்ஸிலேயே மூளை பாதி கரைந்துவிடும். எனக்கு எதையும் உட்கார்ந்து யோசித்தால்தான் பதில் வரும்; எதிரில் ஆள் நின்றால் வராது. ஆகவே வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்டு எழுதியபோது ஊர்ப் பாசம் என்றெல்லாம் எழுதவில்லை. கதவு, மேசை, நேரம் என்று மூன்று காரணங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். எங்கள் குழுத்தலைவி படித்துவிட்டு, "நியாயமாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார்.

என் வேலை என்ன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய கணக்குகளைக் கணினி தானே போடாமல், உள்ளே செருகியிருக்கும் ஜிபியு கார்டிடம் தள்ளிவிடும். கார்டு ஆயிரக்கணக்கான கூட்டல் பெருக்கல்களை ஒரே நேரத்தில் செய்யும். ஆனால் கணினிக்கு ஒரு மொழி, கார்டுக்கு வேறு மொழி. அதனால் ஒரே மூலக் கோப்பை கம்பைலர் இரண்டு முறை மொழிமாற்றுகிறது. வரும் இரண்டு துண்டுகளையும் தனித்தனியாகக் கையில் கொடுத்தால் ஊர் உலகத்தில் இருக்கிற ஸ்கிரிப்டுகள் எல்லாம் குழம்பிவிடும். அவை ஒரு மூலக் கோப்புக்கு ஒரு ஆப்ஜெக்ட் கோப்புதான், அதாவது மொழிமாற்றிய கோப்புதான், வரும் என்று நம்பி எழுதப்பட்டவை. எனவே இரண்டையும் ஒன்றாகக் கட்டி, ஒரே ஆப்ஜெக்ட் கோப்புக்குள் வைத்துக் கொடுக்கிறோம். அந்தக் கட்டுக்கு எங்கள் பேச்சில் பண்டல் என்று பெயர். கடைசியில் எல்லாக் கோப்புகளையும் லிங்கர் இணைக்கும் நேரத்தில் பண்டலைப் பிரித்து, கணினியின் துண்டைக் கணினிக்கும் கார்டின் துண்டைக் கார்டுக்கும் அனுப்ப வேண்டும்.

பிரிக்கும் அந்தப் பகுதியின் கோடு, அதாவது நிரல் வரிகள், நான் புதிதாக எழுதியது. பழையது கோப்பு முழுவதையும் எழுத்து எழுத்தாகத் துழாவி, பண்டல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடும். பெரிய கோப்பென்றால் ஆமை வேகம். என்னுடையது துழாவாது. பண்டலின் தலையிலேயே உள்ளே எத்தனை துண்டுகள், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு நேராகப் போய் எடுத்துவிடும். வருடத்தில் பெரும்பகுதி அதற்குப் போயிருந்தது. வரப்போகும் ரிலீஸில் அதைச் சேர்த்திருந்தார்கள்.

ரிலீஸுக்கு முன்பு வெளியே கொடுத்துச் சோதிப்பது வழக்கம். அப்படி வாங்கிப் பார்த்தவர்களில் வெளிநாட்டில் ஒரு கடல் ஆய்வுக்கூடமும் உண்டு. புயல் நேரத்தில் அலை எவ்வளவு உயரம் எழும் என்று கணக்குப் போடுகிறவர்கள். அங்கிருந்து ஒருவர் மிகவும் பணிவாக எழுதியிருந்தார். உங்கள் புதிய கம்பைலரில் எங்கள் நிரல் சரியாக ஓடுகிறது, விடையும் சரி, ஆனால் கார்டு பெரும்பாலும் சும்மா இருப்பதுபோல் தெரிகிறது, எல்லாவற்றையும் கணினியே போட்டுக்கொண்டிருக்கிறது, நாங்கள்தான் ஏதாவது தப்பாகச் செய்கிறோமோ என்னவோ. கூடவே அவர்களுடைய ஆப்ஜெக்ட் கோப்பு ஒன்றையும் மூல நிரலின் ஒரு பகுதியையும் அனுப்பியிருந்தார்.

திங்கட்கிழமை காலை குழுத்தலைவி போனில் கூப்பிட்டார். சுற்றி வளைத்துப் பேசாதவர்.

"பாரும்மா, வெள்ளிக்கிழமையோட சரி, அப்புறம் இந்த ரிலீஸுக்கு மாத்தம் எதையும் வாங்க மாட்டாங்க. அதுக்குள்ள இது சரியாகலைன்னா உன் கோட எடுத்துட்டுப் பழசையே திரும்பப் போட்டுருவாங்க."

"எடுத்தாலும் அடுத்த ரிலீஸ்ல சேக்கலாமில்ல மேடம்?"

"அடுத்த ரிலீஸுக்கு இந்த வேலைய வேற டீம் கேக்குது. அவங்க வேற மாதிரி எழுதப் போறாங்க. உன்ன கார்டுக்கு டிரைவர் எழுதுற டீமுக்கு மாத்துவாங்க. அங்க கார்டெல்லாம் லேப்ல இருக்கு, வீட்டுல இருந்து பாக்க முடியாது. தினம் ஆபீஸ் வரணும்."

நான் பேனாவைத் தேடி எடுத்தேன்.

"என்ன, பயந்துட்டியா?"

"இல்ல மேடம், லிஸ்ட் போட்டுட்டு இருக்கேன்."

"போடு, போடு. லிஸ்ட் நாலாவதுக்கு மேல போச்சுன்னா கூப்பிடு."

திரும்பிப் பார்த்தால் மாடிப்படியில் அத்தா நிற்கிறார். கையில் எனக்கென்று கொண்டுவந்த லேபிள் வேஸ்ட். வண்ணம் விலகி அச்சாகிப்போன சரவெடி லேபிள்களின் பின்பக்கத்தில்தான் நான் எழுதுவது வழக்கம்.

"என்ன பாப்பா, பெங்களூருக்கா?"

"இன்னும் இல்லத்தா. வெள்ளிக்கிழம தெரியும்."

"போகணும்னா போ. அங்கன ஆபீஸ்ல காப்பியெல்லாம் சும்மா குடுக்குறாகளாம்ல." லேபிள்களை மேசையில் வைத்து ஓரங்களைத் தட்டிச் சீராக்கினார். அது சீராகத்தான் இருந்தது. "கடைக்கு ஜிஎஸ்டி போடுறதுக்குத்தான் ஒரு ஆளப் பாக்கணும். அது கெடக்கு."

"அத்தா, ஜிஎஸ்டிய எங்கன இருந்தும் போடலாம்."

"அப்டியா? அப்ப சரி. போயிட்டு வா." சொல்லிவிட்டு வேகமாகக் கீழே இறங்கிவிட்டார்.

சந்தேகங்களை எழுதினேன். ஒன்று, என் கோடு. எங்கள் தொழிலில் ஒழுங்கானவர்கள் தங்கள் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள். இரண்டு, கணினிக்கும் கார்டுக்கும் இடையில் தகவல் போய்வருவதில் தாமதம். மூன்று, அவர்கள் ஊர் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், பழையதாக இருக்கலாம். நான்கு, அந்தக் கணினியை வேறு யாரோ பங்கு போட்டுக்கொண்டிருக்கலாம். மூன்றையும் நான்கையும் அந்த ஆய்வுக்கூடத்துக்காரரிடம் கேட்டேன். இரண்டுமே இல்லை என்று சாயங்காலத்துக்குள் பதில் வந்தது. இரண்டாவதை அளந்து பார்த்தேன், அதிலும் ஒன்றுமில்லை. மிஞ்சியது நான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது குறை சொல்லி நிரலை அனுப்பினால் அதை அப்படியே வைத்துக்கொண்டு மாரடிக்க மாட்டோம். வெட்டி வெட்டிச் சிறிதாக்குவோம். தேவையில்லாத வரியை எடுப்பது, ஓட்டிப் பார்ப்பது, தப்பு இன்னும் வருகிறதா என்று கவனிப்பது, மறுபடி எடுப்பது. கடைசியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நிரல் மிஞ்சி, அதிலும் அதே தப்பு வந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்த மாதிரி. பல்லாண்டுகளாகக் கம்பைலர்காரர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். நல்ல வழக்கம்தான். சிறிதாக்கும்போது எல்லோரும் முதலில் செய்வது, பல கோப்புகளில் சிதறிக் கிடக்கும் நிரலை அள்ளி ஒரே கோப்பில் கொட்டுவது.

நானும் கொட்டினேன். ஓட்டினேன். கார்டு சுறுசுறுப்பாக வேலை செய்தது.

மறுபடி வேறு விதமாகக் கொட்டினேன். வேகம். அவர்களுடைய அலைக் கணக்கை அப்படியே வைத்து, மற்றதை எடுத்தேன். வேகம். மற்றதை வைத்து அலைக் கணக்கை எடுத்தேன். அதுவும் வேகம். செவ்வாய்க்கிழமை முழுக்க இப்படியே போயிற்று. ஒரு நிரல் வேகமாக ஓடுவதைப் பார்த்து அவ்வளவு எரிச்சல் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. சிறிதாக்கியதை அந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். வழக்கமான பணிவோடு பதில் வந்தது. நீங்கள் அனுப்பியது எங்களிடமும் மிக வேகமாக ஓடுகிறது, எங்களுடையது மட்டும் அப்படியே இருக்கிறது, சிரமத்துக்கு மன்னிக்கவும்.

அம்மா ராத்திரிச் சோறு போடும்போது, "மொகம் என்ன இப்படி இருக்கு, தல வலியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். மீன் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார்.

புதன்கிழமை மாதாந்திரப் பவர் ஷட்டவுன். காலையில் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு பட்டாசு ஆலைகளுக்குப் போய்த் தெரு ஓய்ந்த சற்று நேரத்தில் கரண்டு போகும், சாயங்காலம்தான் வரும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப் பல நாளாகிறது. இணையம் போய்விட்டது. செல்போன் டவரும் இழுத்துக்கொண்டுதான் கிடந்தது. நான் நிரல்களை ஓட்டுவது பெங்களூரில் இருக்கிற பெரிய கணினியில். அதைத் தொடவே வழியில்லை. வெட்டிச் சிறிதாக்கி ஓட்டிப் பார்க்கும் வேலை அன்றைக்கு நடக்காது. விருதுநகரில் மாமி வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய்விடலாமா என்று யோசித்தேன். போனால் மாமி சும்மா விடமாட்டார். விருந்து ஆக்குவார். விருந்தை முடித்து நிமிர்ந்தால் சாயங்காலமாகிவிடும்.

மடிக்கணினியில் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அந்த ஆய்வுக்கூடத்துக்காரர் முதல் கடிதத்தோடு அனுப்பிய ஆப்ஜெக்ட் கோப்பு இருந்தது. இறக்கி வைத்ததோடு சரி, அதை நான் திறக்கவே இல்லை. எங்களில் யாரும் திறக்க மாட்டார்கள். ஆப்ஜெக்ட் கோப்பு என்பது கம்பைலர் வெளியே தள்ளுவது. வாய்க்குப் பதில் வாந்தியை ஆராய்வது மாதிரி என்று ஒரு சகா சொல்வான். மூல நிரல் கையில் இருக்கும்போது அதை யார் படிப்பார்கள்?

வேறு சோலி இல்லாததால் திறந்தேன். எழுத்துக்குப் பதிலாக எண்களாகக் காட்டும் மென்பொருளில் அதை விரித்துவைத்து, பண்டல் இருக்கும் பகுதிக்குப் போய், மேலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

கீழே கட்டிங் மெஷினும் நின்றுவிட்டதால் அத்தா மேலே வந்துவிட்டார். சன்னலில் ஆடிக் காற்று அடிக்கும், இங்கேதான் கொஞ்சம் உட்கார முடியும். ஒரு தடித்த அட்டையை விசிறியாக எடுத்துக்கொண்டு என் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். போன் அடித்தது.

"சொல்லுங்க அண்ணாச்சி... கரண்டு இல்லைல்லா அண்ணாச்சி, நான் என்ன பல்லு வச்சா கடிச்சு வெட்டுறது... ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் சாம்பிள் ஆல்பம் போடணும், எனக்குத் தெரியாதா? ஒங்க காலண்டர் அட்டை நாளைக்கி வெள்ளன லோடு ஏறிரும்... ஏறிரும்ங்கிறேன்ல..." போனை வைத்தார். "மனுசனுக்குப் பொறுமையே கெடையாது."

பிறகு என் திரையை எட்டிப் பார்த்தார்.

"இதென்ன பாப்பா, எறும்பு ஊர்ற மாதிரி? எந்த ஊரு எழுத்து?"

"எண்ணுத்தா. பதினாறு பதினாறா எண்ணுறது."

"பத்துப் பத்தா எண்ண ஒங்களுக்கு என்ன கேடு?"

"கம்ப்யூட்டருக்கு வெரலு இல்லைல்லத்தா."

அத்தா சிரித்துவிட்டார். கொஞ்ச நேரம் விசிறினார். "யாரு அனுப்புனது?"

"வெளிநாட்டு ஆளுக. புயலு வந்தா கடல் அலை எம்புட்டு ஒசரம் வரும்னு கணக்குப் போடுறவுக. கணக்கு சரியாத்தான் வருது, ரொம்ப லேட்டா வருது."

"புயலு வந்து போன பெறவு கணக்கு வந்தா அத வச்சு என்ன செய்யவாம்?"

"அதுக்குத்தான பாக்குறேன்."

"பாரு, பாரு. நான் பேசல." பேசாமல் இருக்க அவரால் முடியாது என்பதால் எழுந்து போய்ச் சன்னலோரம் நின்றுகொண்டார்.

பண்டலின் தலை ஒழுங்காக இருந்தது. ஆரம்பக் குறியாக ஒரு எழுத்துத் தொடர் வர வேண்டும், வந்திருந்தது. உள்ளே இரண்டு துண்டுகள் என்று எழுதியிருந்தது. ஒன்று கணினிக்கு, ஒன்று கார்டுக்கு. இரண்டின் நீளங்களையும் ஒரு லேபிளின் பின்பக்கத்தில் எழுதினேன். தலையின் நீளத்தையும் சேர்த்துக் கூட்டினேன். பிறகு, பழக்க தோஷத்தில், கோப்பில் பண்டலுக்கென்று ஒதுக்கியிருக்கும் பகுதியின் மொத்த நீளத்தோடு அதை ஒத்துப் பார்த்தேன்.

ஒத்துவரவில்லை. சிறிய வித்தியாசம் என்றால் நான் கண்டுகொண்டிருக்க மாட்டேன். பண்டல் ஒரு முழம் என்றால் பகுதி ஒரு தெரு நீளத்துக்குக் கிடந்தது.

மறுபடி கூட்டினேன். அதேதான்.

மிச்சம் என்ன? பண்டல் முடியும் இடத்துக்குப் போனேன். அதற்குப் பிறகு பூஜ்யங்கள். வரிசை வரிசையாகப் பூஜ்யங்கள். என் கோடு இங்கே வந்ததும் வேலை முடிந்ததென்று திரும்பிப் போயிருக்கும். நான் திரும்பாமல் கீழே தள்ளிக்கொண்டே போனேன். பூஜ்யங்கள் முடிந்தன. அடுத்த வரியில் அதே ஆரம்பக் குறி.

அத்தனை நேரம் நேராக உட்கார்ந்திருந்தவள் நாற்காலியில் அப்படியே சாய்ந்தேன். அந்தக் குறியை மட்டும் தேடச் சொன்னேன். இன்னொன்று, இன்னொன்று, இன்னொன்று. பண்டல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, இடையிடையே பூஜ்யங்களோடு, வரிசையாகக் கிடந்தன.

என்ன நடந்திருக்கும் என்பது அதற்குப் பிறகு யோசிக்காமலே விளங்கிவிட்டது. அந்த ஆய்வுக்கூடத்தில் நிரல் மிகப் பெரியது, நூற்றுக்கணக்கான கோப்புகள். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இணைத்தால் நேரமாகும் என்று, தொடர்புள்ள ஆப்ஜெக்ட் கோப்புகளை முன்கூட்டியே லிங்கரை வைத்து ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள். பெரிய நிரல்காரர்கள் பலர் அப்படிச் செய்வார்கள். அப்படிச் சேர்க்கும்போது லிங்கருக்குப் பண்டல் என்றால் என்னவென்று தெரியாது. ஒரே பெயருள்ள பகுதிகளைக் கண்டால் ஒன்றின் வாலில் இன்னொன்றை ஒட்டும். ஒவ்வொன்றும் சீரான இடத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்பதற்காக இடையில் பூஜ்யங்களைத் தூவும். பழைய கோடு முழுக்கத் துழாவியதால் எல்லாவற்றையும் கண்டுபிடித்தது. என் கோடு முதல் பண்டலைப் படித்து, அது சொன்ன நீளத்தை நம்பி, அத்தோடு நின்றது. மற்ற பண்டல்களின் கார்டுத் துண்டுகள் கார்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஓடும்போது கார்டில் ஆளில்லை என்று தெரிந்ததும், நிரல் புகார் எதுவும் சொல்லாமல் அந்த வேலையைக் கணினியிடமே கொடுத்துவிட்டது.

இரண்டு நாளாக நான் செய்தது என்ன? பல கோப்புகளை ஒரே கோப்பில் கொட்டியது. ஒரே கோப்பென்றால் ஒரே பண்டல். தப்பு எங்கே இருந்ததோ அதைத்தான் ஒவ்வொரு முறையும் முதல் வெட்டிலேயே வெட்டி எறிந்துகொண்டிருந்தேன்.

"அத்தா."

"என்னம்மா?"

"கெடச்சிருச்சு."

"கெடச்சிருச்சா? என்ன கெடச்சிருச்சு?"

"ஒரு பண்டலுக்குப் பின்னால வேற பண்டல் வரிசையா இருக்கு. என் கோடு மொதப் பண்டல மட்டும் எடுத்துட்டு வந்துருது."

அத்தா சன்னலை விட்டு வந்து திரையைக் குனிந்து பார்த்தார். அவருக்கு எறும்புகள்தான் தெரிந்திருக்கும். "பேப்பர் யாவாரம் வேணாம்னு அம்புட்டுப் படிக்க வச்சா, அங்கன போயும் பண்டல்தான் எண்ணிக்கிட்டு இருக்கா" என்றார், யாரிடமோ முறையிடுவதுபோல. சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே கீழே இறங்கினார். அம்மாவிடம் அதைத் திரும்பச் சொல்வது கேட்டது.

சார்ஜ் தீரும் வரை திருத்தத்தை எழுதினேன். முதல் பண்டல் முடிந்ததும் நில்லாதே, பூஜ்யங்களைத் தாண்டு, அடுத்த குறி இருந்தால் அதையும் பிரி, பகுதி முடியும் வரை இதையே செய். சில வரிகள்தான். கரண்டு வந்ததும் இந்த முறை நிரலைச் சிறிதாக்காமல், இரண்டு தனிக் கோப்புகளை எழுதி, அந்த ஆய்வுக்கூடம் செய்வதுபோலவே முன்கூட்டிச் சேர்த்து ஓட்டினேன். திருத்தம் சேர்க்காத என் கோட்டில், முதன்முறையாக என்னிடமும் மெதுவாக ஓடியது. அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. திருத்தத்தைச் சேர்த்தேன். பண்டல்கள் எல்லாம் பிரிந்தன. அன்றைக்கு அதை மட்டும் பார்த்துவிட்டு, கடல் ஆய்வுக்கூடத்துக்கும் குழுத்தலைவிக்கும் அனுப்பினேன்.

வியாழக்கிழமை காலையில் பதில் வந்தது. நன்றி, பெரிய முன்னேற்றம், ஆனால் ஒரு விசித்திரம்: இதுவரை வேகமாக ஓடிய அந்த ஒரு பகுதி இப்போது மெதுவாகிவிட்டது, இதுவரை மெதுவாக இருந்தவற்றில் கடைசிப் பகுதி மட்டும் வேகமாகிவிட்டது, மறுபடியும் சிரமம் தருவதற்கு மன்னிக்கவும்.

குழுத்தலைவி அதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "நேத்து வரைக்கும் மொத ஆள் மட்டும் வேல செஞ்சான். இன்னைக்குக் கடைசி ஆள் மட்டும் செய்யிறான். நடுவுல இருக்கிறவங்கள்லாம் எங்கம்மா?"

கேள்வியை அவர் கேட்ட விதத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. பயத்தில் வரும் சிரிப்புத்தான்.

"மேடம், பிரிச்சு எடுக்குற துண்டு எல்லாத்துக்கும் நான் ஒரே பேர் வச்சு எழுதுறேன். ஒண்ணு மேல ஒண்ணா எழுதிடுது."

"கடைசியா எழுதினது மட்டும் மிஞ்சுது."

"ஆமா."

"போய் ஆளுக்கு ஒரு பேர் வை."

ஒரே கார்டுக்கான துண்டுகள் என்பதால் எல்லாவற்றுக்கும் கார்டின் பெயரையே கோப்புப் பெயராக வைத்திருந்தேன். ஒரு பண்டல் மட்டும் இருக்கும் என்று நம்பிய காலத்தில் அது சரி. இப்போது ஒவ்வொன்றோடும் அது எத்தனையாவது பண்டல் என்ற வரிசை எண்ணைச் சேர்த்தேன். அந்தத் துண்டுகள் அனைத்தையும் கார்டு பக்கத்து லிங்கரிடம் ஒன்றுவிடாமல் கொடுக்கும் இடத்தையும் மாற்றினேன். முந்தின நாள் நான் பண்டல்கள் பிரிந்தனவா என்று மட்டும் பார்த்திருந்தேன். பிரிந்தவை போய்ச் சேர்ந்தனவா என்று பார்க்கவில்லை. இந்த முறை இரண்டையும் பார்த்தேன். இரண்டு கோப்புகள் சேர்ந்தது, மூன்று சேர்ந்தது, சேர்த்ததை மறுபடி இன்னொன்றோடு சேர்த்தது, பண்டலே இல்லாத கோப்பு நடுவில் வந்தது, பூஜ்யங்களே இல்லாமல் ஒட்டியது. இவை ஒவ்வொன்றும் சோதனைகளாகக் கோடோடு சேர்ந்து போயின. இனி யார் எதை மாற்றினாலும் இவை ஓடும். மதியச் சாப்பாட்டுக்கு அம்மா படியில் நின்று கூப்பிட்டபோது, "வாரேம்மா, நீங்க சாப்பிட்டீகளா?" என்று கேட்க எனக்கு நினைவிருந்தது. வேலை சரியாகப் போகிறது என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே அடையாளம் அது.

திருத்தத்தைக் குழுவில் வேறு இருவர் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் ஒரு மாறியின் பெயர் நீளமாக இருக்கிறது என்றார், சுருக்கினேன். இன்னொருவர் ஒன்றும் சொல்லாமல் ஒப்புதல் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அத்தா ஜும்ஆவுக்குப் போய்விட்டு வந்து, வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியின் நடுவில் வந்து நின்றார். மேலே வரவும் இல்லை, கீழே போகவும் இல்லை.

"என்ன சொல்றாக?"

"இன்னும் ஒண்ணும் வரலத்தா. அவுகளுக்கு இப்பத்தான் விடியும்."

"நம்ம நேரத்துக்கு எந்திரிக்க மாட்டாகளா?" என்று முணுமுணுத்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பதில் வந்தபோது நான் முதலில் படித்தது கடைசி வரியை. பிறகு மேலிருந்து படித்தேன். எல்லாப் பகுதிகளும் கார்டில் ஓடுகின்றன, மதியத்துக்குள் முடிய வேண்டியது மதியத்துக்கு முன்பே முடிந்துவிட்டது, பழைய கம்பைலரைவிட இணைக்கும் நேரமும் குறைவு, மிகவும் நன்றி. அந்த 'நன்றி'க்குப் பக்கத்தில் மன்னிப்பு எதுவும் இல்லாமல் அவர் எழுதிய முதல் கடிதம் அதுதான்.

குழுத்தலைவி குரல் செய்தி அனுப்பியிருந்தார். "உள்ள எடுத்துக்கிட்டாங்க. ரிலீஸ்ல இருக்கு. இந்த வேலையும் நம்ம டீம்லயே இருக்கட்டும்னு முடிவாயிருச்சு. டிரைவர் டீமுக்கு வேற ஆள் பாத்துக்கிறாங்க. நீ இருக்கிற இடத்துலயே இரு. திங்கக்கிழமை பேசலாம்." முதல்முறை கேட்டதும் அர்த்தம் மனதில் ஏறவில்லை. இரண்டாம் முறை சத்தத்தைக் கூட்டி வைத்தேன், படியில் உட்கார்ந்திருந்தவருக்கும் கேட்கட்டும் என்று.

அத்தா எழுந்தார். "சரி, சோத்தத் திம்போம். பசிக்கிது" என்று மட்டும் சொன்னார். ஆனால் படி இறங்கும்போது கைப்பிடியைத் தாளம் போட்டுக்கொண்டே இறங்கினார்.

அம்மா அடுப்படியில் பிரியாணிச் சட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அம்மா, என் கோட எடுக்கல. அப்படியே வச்சுக்கிட்டாக."

"அதெல்லாம் எனக்கென்ன வெளங்குது. நீ இருக்கியா, போறியா?"

"இருக்கேன்."

"அத மொதல்ல சொல்றதுக்கென்ன." சட்டியை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியின் மேல் இருந்த போனை எடுத்து, எண்ணைத் தேடி, காதில் வைத்தார்.

"தம்பி, நான்தான் பேப்பர் கடையில இருந்து பேசுறேன். அந்த ஏசி... ஆமா, மாடி ரூமுக்குத்தான். திங்கக்கெழம நீங்க மாட்ட வாரேன்னு சொன்னப்ப வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுங்கன்னு நான் சொன்னேன்ல... இன்னைக்கு வெள்ளிக்கெழமதான தம்பி. வாங்க. ஆமா, வேணும். கண்டிப்பா வேணும்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன நிக்கிற? ஆள் இப்பவே வாராராம். சோத்தத் தின்னுட்டுச் சொவரு பக்கத்துல கெடக்குற ஒன் மேசைய நகத்து."

பிறகு சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று மேசையை நகர்த்த மாடிக்குப் போனேன்.